முட்டி இரண்டு முறை போன பிள்ளை திரும்பி வருகிறாள்: இந்த சீசனில் என்ன எதிர்பார்க்கலாம்?

கோட்டாறு சென்டர்

கல்லூரிகளுக்கு இடையிலான பாஸ்கெட்பால் போட்டி நெருங்கிவிட்டது. நம் குமரி மாவட்டத்து மகளிர் அணி ஒன்றில் யார் திரும்பி வருகிறாள் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். பெயரும் கல்லூரியும் யாரும் எழுத வேண்டாம். அவள் வீட்டுக்காரர்களும் இதை வாசிக்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: முதல் வருடம் ரிபவுண்ட் (வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து) எடுத்து இறங்கும்போது இடது முட்டியில் ஏ.சி.எல். என்கிற உள்நார் போனது. யாரும் இடிக்கவில்லை, தானாகவே இறங்கி விழுந்தாள். அறுவை சிகிச்சை முடிந்து ஆறாவது மாதமே ஜெர்சி போட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் அதே முட்டியில் புதிதாக வைத்த நாரும் போனது, கூடவே மெனிஸ்கஸும் (முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு) கிழிந்தது. மறுபடி அறுவை. இப்போது பதினோராவது மாதம் நடக்கிறது. இது அவளுக்கு இறுதி ஆண்டு.

வாட்ஸ்அப் குழுவில் இப்போதே கப்பைக் கையில் கொடுத்துவிட்டார்கள். "ஆட்டத்துக்கு 25 பாயிண்ட் உறுதி" என்று ஒருவர், "ராணி திரும்பிவிட்டாள்" என்று போஸ்டர் வேறு. எனக்கு இதைப் பார்த்தால் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். என் கருத்து இதுதான்: இந்த சீசனில் அவளிடம் பாயிண்ட் கேட்காதீர்கள். ஆட்டத்துக்குப் பத்து, பன்னிரண்டு நிமிடம் ஆடி, மறுநாள் காலையில் முட்டி வீங்காமல் படி இறங்கினாள் என்றால் அதுவே பெரிய ஆட்டம். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தக்கலை கார்டு

அண்ணே, பத்து நிமிடம் ஆடுவதற்கா இவ்வளவு கஷ்டப்பட்டாள்? பிராக்டிஸில் பார்த்தேன், ஷாட் பழையபடி சுத்தமாக விழுகிறது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர் பெய்ஜ் பெக்கர்ஸைப் பாருங்கள். 2021 டிசம்பரில் முட்டி எலும்பு முறிவு, மெனிஸ்கஸ் கிழிசல். 2022 ஆகஸ்டில் ஏ.சி.எல்., ஒரு சீசன் முழுக்க இல்லை. 2023 நவம்பரில் திரும்பி வந்து அந்த சீசனில் சராசரி 21.9 பாயிண்ட். 2025 ஏப்ரலில் அவருடைய யூகான் பல்கலைக்கழக அணிக்குக் கோப்பை, அதே மாதம் டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு) முதல் இடம். நம்ம பிள்ளைக்கு மட்டும் ஏன் இப்படி வேலி போடுகிறீர்கள்?

போஸ்ட்_அப்

பெக்கர்ஸ் உதாரணம் சரி. ஆனால் அவர் ஏ.சி.எல். போன பிறகு திரும்பி வர எடுத்துக்கொண்டது ஏறக்குறைய பதினைந்து மாதம். அதைச் சொல்லாமல் 21.9ஐ மட்டும் சொல்கிறீர்கள் தம்பி.

நம் கதைக்கு நெருக்கமானவர் அதே அணியின் ஆஸி ஃபட். பள்ளியில் இருக்கும்போது 2019இல் வலது முட்டி ஏ.சி.எல்., 2023 நவம்பரில் பிராக்டிஸில் அதே முட்டி மறுபடி. ஒரு வருடம் கழித்து 2024 நவம்பரில் வந்தார். வந்தவுடன் யாரும் அவரிடம் ஆட்டத்தை ஒப்படைக்கவில்லை. நடுவில் முட்டி சுளுக்கி டிசம்பரில் சில ஆட்டங்கள் மறுபடி வெளியே உட்கார்ந்தார். 2025 ஏப்ரல் இறுதிப் போட்டியில் சவுத் கரோலினாவுக்கு எதிராக 24 பாயிண்ட், அந்த இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது. எல்லோரும் அந்த ஏப்ரலைத்தான் வீடியோவில் பார்க்கிறோம். டிசம்பரில் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததை யார் பார்த்தார்கள்?

அப்புறம் மறுபக்கமும் இருக்கிறது. கிரெக் ஓடன், 2007 டிராஃப்டில் கெவின் டுரண்டுக்கு முன்னால் எடுக்கப்பட்டவர். முட்டி திரும்பத் திரும்பப் போய், என்.பி.ஏ.வில் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) மொத்தம் 105 ஆட்டம்தான் ஆடினார். அவர் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

குழித்துறை மாமா

மக்களே, ஒரு சந்தேகம். இங்கே வர்ம ஆசான்மார் இத்தனை பேர் இருக்கும்போது எதற்கு இரண்டு தடவை கத்தி வைக்க வேண்டும்? என் காலத்தில் கபடி ஆடி முட்டு விலகினால் எண்ணெய் போட்டுத் தடவி, கட்டுப் போட்டு, ஒரு மண்டலத்தில் நடக்க வைத்துவிடுவார்கள்.

பிசியோ அக்கா (நாகர்கோவில்)

மாமா, மூட்டு விலகல், சதைப் பிடிப்பு, சுளுக்கு இதெல்லாம் வேறு. ஏ.சி.எல். என்பது முட்டிக்கு உள்ளே தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் குறுக்காகப் பிடித்திருக்கிற நார். முழுக்க அறுந்துவிட்டால் எந்த எண்ணெயும் அந்த இரண்டு முனையையும் தேடிப் பிடித்து ஒட்ட வைக்காது. ஏ.சி.எல். இல்லாமலும் நேராக நடக்கலாம், ஓடலாம். அதனால்தான் கட்டுப் போட்டவர்களுக்குக் குணமான மாதிரி தெரியும். ஓடிக்கொண்டே சட்டென்று நின்று திரும்பும்போதுதான் முட்டி நழுவும். பாஸ்கெட்பால் முழுக்க அதுதானே? நழுவும்போதெல்லாம் மெனிஸ்கஸ் நசுங்கும். ஆசான்களை நான் குறை சொல்லவில்லை. நல்ல ஆசான் கையால் பார்த்துவிட்டு "இது ஆஸ்பத்திரி கேஸ்" என்று அனுப்பி வைத்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அறுவை முடிந்த முதல் வாரங்களில் காலை அழுத்தித் தடவுவது மட்டும் கூடவே கூடாது. ரத்தக்கட்டு உண்டாகியிருந்தால் ஆபத்து.

இனி எதிர்பார்ப்பு விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பிள்ளை என் நோயாளி இல்லை, பொதுவாகத்தான் சொல்கிறேன்.

2014இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தது. ஏ.சி.எல். அறுவைக்குப் பிறகு ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் 65. போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 55. இது பெரும்பாலும் முதல் அறுவைக்கான கணக்கு. இரண்டாவது அறுவைக்குப் பிறகு நிலைமை இதைவிடக் கடினம்.

2016இல் இன்னொரு தொகுப்பு: 25 வயதுக்குக் கீழ் இருந்து விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் 23 சதவீதம் பேருக்கு அதே முட்டியிலோ மற்ற முட்டியிலோ மறுபடி ஏ.சி.எல். போயிருக்கிறது. ஏறக்குறைய நான்கில் ஒருவர். அதே வருடம் நார்வேயில் நடந்த ஆய்வு சொன்னது: ஒன்பதாவது மாதம் வரை, ஆடத் திரும்புவதைத் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் 51 சதவீதம் குறைகிறது. ஆறாவது மாதம் ஜெர்சி போட்டாள் என்று வாசித்தபோது எனக்குத் திக்கென்றது இதனால்தான்.

காரணம் ரொம்ப எளிது. வைக்கிற நார் என்பது அவள் தொடைப் பின்தசையிலிருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ எடுத்த ஒரு துண்டு. உள்ளே வைத்தவுடன் அது ஏ.சி.எல். ஆகிவிடாது. முதலில் பலம் குறைந்து, அப்புறம் ரத்த ஓட்டம் பிடித்து, மெதுவாக மாறும். இந்த மாற்றம் ஒரு வருடத்தைத் தாண்டியும் நடந்துகொண்டிருக்கும். வலி போவதும் வீக்கம் வடிவதும் அதற்கு எவ்வளவோ முன்பே நடந்துவிடும். பிள்ளைக்கும் பயிற்சியாளருக்கும் "எல்லாம் சரியாகிவிட்டது" என்று தோன்றுகிற அந்த இடைவெளிதான் மோசமான காலம்.

தக்கலை கார்டு

சரி அக்கா, இப்போது பதினோரு மாதம் ஆகிவிட்டதே? ஒன்பது தாண்டியாச்சு.

பிசியோ அக்கா (நாகர்கோவில்)

நாள்காட்டி பாதிதான் தம்பி. தொடை முன்தசை பலம் வந்திருக்கிறதா? ஒற்றைக் காலில் தாவி இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்கிறதா? ஒற்றைக் காலில் ஒரு தாவல், தொடர்ந்து மூன்று தாவல், கோட்டின் இரண்டு பக்கமும் மாறி மாறித் தாவல், ஆறு மீட்டரை எத்தனை விநாடியில் கடக்கிறாள் என்று வழக்கமான சோதனைகள் இருக்கின்றன. அடிபட்ட கால், நல்ல காலின் 90 சதவீதமாவது எட்ட வேண்டும் என்பார்கள். அதிலும் ஒரு ஏமாற்று உண்டு. வருடக்கணக்கில் ஆடாமல் இருந்ததில் நல்ல காலும் மெலிந்திருக்கும். மெலிந்த காலோடு ஒப்பிட்டு 90 வந்தால் அது 90 ஆகுமா?

பெரிய மெஷின் நம் ஊரில் எல்லா இடத்திலும் கிடையாது. ஜிம்மில் இருக்கிற லெக் எக்ஸ்டென்ஷனில் ஒவ்வொரு காலாக எவ்வளவு எடை தூக்குகிறாள் என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். தாவலைக் கைபேசியில் முன்பக்கமிருந்து வீடியோ எடுத்தால் முட்டி சாய்வது தெரியும். கோர்ட்டில் ஷாட் விழுவதை வைத்து முட்டியைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. ஷாட் கையில் இருக்கிறது.

ஹாஸ்டல் பெஞ்ச்

நான் அதே அணி. அதிகம் சொல்ல மாட்டேன். பிராக்டிஸில் தனியாக ஓடும்போது அவள் பழைய அவள்தான். ஐந்துக்கு ஐந்து ஆடும்போது கூட்டத்தில் பந்து மேலே போனால் குதிக்க ஒரு கணம் யோசிக்கிறாள். குதித்தாலும் வலது காலில் மட்டும் இறங்குகிறாள். அவளே அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து "பயப்படாதே" என்று கத்துகிறவர்களைக் கேட்டால் எரிச்சல் வருகிறது.

பிசியோ அக்கா (நாகர்கோவில்)

தங்கச்சி, நீ சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான தகவல். தயவு செய்து இதைப் பயிற்சியாளரிடமும் அவளுடைய பிசியோவிடமும் சொல். வலது காலிலேயே எடையைப் போட்டுக்கொண்டிருந்தால் அடுத்து அந்த முட்டிக்கு ஆபத்து. என்.பி.ஏ. ஆட்டக்காரர் டெரிக் ரோஸுக்கு நடந்தது நினைவிருக்கிறதா? 2012இல் இடது ஏ.சி.எல்., ஒரு சீசன் முழுக்க வெளியே. 2013 நவம்பரில் வலது முட்டியில் மெனிஸ்கஸ். இதனால்தான் அது வந்தது என்று நான் சொல்லவில்லை. மற்ற காலை மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பயத்தையும் குறைவாக எண்ண வேண்டாம். அதை அளப்பதற்கென்றே கேள்வித்தாள்கள் உண்டு. உடம்பு தயாராகி மனம் தயாராகாதவர்கள் நிறையப் பேர்.

குளச்சல் லெஃப்டி

எல்லோரும் மருத்துவம் பேசுகிறீர்கள். யாரும் பேசாத விஷயத்தை நான் கேட்கிறேன். இறுதி ஆண்டு. இந்த வருடம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்து வெளியே ஆடினால்தான் ஃபார்ம் 3 சான்றிதழ். அது இருந்தால் விளையாட்டு இடஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். "அடுத்த சீசனில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பெக்கர்ஸுக்குச் சொல்லலாம், அங்கே காயத்தில் போன வருடத்துக்குப் பதில் இன்னொரு வருடம் ஆடக் கொடுக்கிறார்கள். இங்கே யார் கொடுப்பார்கள்? பத்து நிமிடம் பெஞ்சிலிருந்து ஆடுகிறவளைத் தேர்வாளர் திரும்பிப் பார்ப்பாரா? அவள் வீட்டு நிலைமை தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள். சும்மா "பொறுமை, பொறுமை" என்று சொல்வது நமக்கு ஈஸி.

கோட்டாறு சென்டர்

லெஃப்டி கேட்டது நியாயமான கேள்வி. இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி முதுகலை. எம்.ஏ., எம்.காம். எதிலாவது சேர்ந்தால் வயது வரம்புக்குள் இருக்கும்வரை கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆடலாம். நம் மாவட்டத்தில் அப்படி ஆடியவர்கள் நிறைய. விளையாட்டு ஒதுக்கீட்டில் முதுகலை இடமும் கிடைக்கும், கேட்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அவளுக்கு இது கடைசி சீசன் இல்லை, நாம்தான் கடைசி என்று கூவிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கூச்சல் அவள் காதில் விழுந்தால் அவள் மறுபடி ஆறாவது மாதக் கதையைத்தான் செய்வாள்.

போன தடவை அவளை அவசரப்படுத்தியது யார் என்று நான் கிளற விரும்பவில்லை. ஆனால் அப்போதும் இதே மாதிரி ஒரு போஸ்டர் இருந்தது.

குளச்சல் லெஃப்டி

முதுகலை என்றால் இன்னும் இரண்டு வருடச் செலவு. வீட்டில் சம்மதிக்க வேண்டும். இருந்தாலும் சரி, வழி என்று ஒன்று இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

போஸ்ட்_அப்

ஆட்ட விஷயத்துக்கு வருகிறேன். எதிர்பார்ப்பைக் குறைப்பது என்றால் "அவள் முடிந்துவிட்டாள்" என்று அர்த்தம் இல்லை. வேறு மாதிரி ஆடுவாள் என்று எதிர்பார்க்க வேண்டும். என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஷான் லிவிங்ஸ்டன் 2007இல் விழுந்த விழுகை இருக்கிறதே, முட்டி முழுக்கக் கழன்று, ஏ.சி.எல். உட்பட மூன்று நார் கிழிந்தது. காலையே எடுக்க வேண்டிவருமோ என்று டாக்டர்கள் பயந்தார்கள். (அந்த வீடியோவைத் தேடாதீர்கள், சாப்பாடு இறங்காது.) அவர் திரும்பி வந்தபோது பழைய வேகம் இல்லை. உயரத்தைப் பயன்படுத்தி, சின்ன ஆளைப் பின்னால் தள்ளி, திரும்பி ஒரு ஜம்ப் ஷாட். அதை வைத்தே வாரியர்ஸ் அணியில் பெஞ்சிலிருந்து வந்து 2015, 2017, 2018 என்று மூன்று கோப்பை.

நம்ம பிள்ளை முன்பு ஆடியது முழுக்க உள்ளே வெட்டிப் போய் லேஅப் (வளையத்துக்குக் கீழே ஓடிப் போய்ப் போடும் ஷாட்). ஒவ்வொரு லேஅப்பும் ஒற்றைக் காலில் குதிப்பது, கூட்டத்தில் இறங்குவது. அதை இந்த வருடம் பாதியாகக் குறைக்கச் சொல்ல வேண்டும். ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் நின்று பந்தை வாங்கி, வெட்டுகிறவர்களுக்குக் கொடுக்கட்டும். அவளுக்குப் பாஸ் பார்க்கிற கண் உண்டு. யாரும் வராவிட்டால் அங்கிருந்தே ஷாட். அசிஸ்ட் (மற்றவர் பாயிண்ட் எடுக்கக் கொடுக்கும் பாஸ்) அதிகமாகும், பாயிண்ட் குறையும். ஸ்கோரை மட்டும் பார்க்கிறவர்கள் "ஃபார்ம் இல்லை" என்பார்கள்.

தக்கலை கார்டு

இது எனக்குப் பிடித்திருக்கிறது. பெஞ்சிலிருந்து இறக்குவதிலும் தப்பில்லை. என்.பி.ஏ.வில் பில் வால்டன் பாதம் போய்ப் போய்க் கடைசியில் 1985-86 சீசனில் பாஸ்டனுக்கு ஆறாவது ஆளாக, அதாவது பெஞ்சிலிருந்து முதலில் இறங்குகிறவராக, வந்து 80 ஆட்டம் ஆடினார், கோப்பையும் வாங்கினார், சிறந்த ஆறாவது ஆள் விருதும் வாங்கினார்.

கோட்டாறு சென்டர்

இப்போது யோசித்தால் பெஞ்ச் சரியா என்று எனக்கே சந்தேகம். வார்ம் அப் முடித்துவிட்டு அரை மணி நேரம் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து, உடம்பு ஆறி, திடீரென்று "போ" என்றால்? வால்டனுக்குப் பக்கத்தில் சைக்கிளும் டிரெய்னரும் இருந்திருப்பார்கள். நம்ம பிள்ளைக்கு ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும்தான்.

பிசியோ அக்கா (நாகர்கோவில்)

நல்ல கேள்வி. நிமிடக் கட்டுப்பாடு உள்ளவர்களைத் தொடக்கத்திலேயே இறக்குவதும் உண்டு, இதே காரணத்துக்காக. பத்து நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர். முதல் குவார்ட்டர் தொடக்கத்தில் ஐந்து நிமிடம், பாதி நேர இடைவேளையில் மறுபடி வார்ம் அப் செய்துவிட்டு மூன்றாவது குவார்ட்டர் தொடக்கத்தில் ஐந்து நிமிடம். இரண்டு தடவையும் உடம்பு சூடாக இருக்கும். நான்காவது குவார்ட்டரில் வேண்டாம். களைப்பில் கால் தன் இஷ்டத்துக்கு இறங்கும்.

குளச்சல் லெஃப்டி

நான்காவது குவார்ட்டர், இரண்டு நிமிடம் மீதி, ஒரு பாயிண்ட் பின்தங்கல். எந்தக் கோச் அவளை உட்கார வைப்பார்? வெளியே நாமே கத்துவோம். திட்டம் எல்லாம் அந்த இடத்தில்தான் உடையும்.

ஹாஸ்டல் பெஞ்ச்

அவளே எழுந்து போய் நிற்பாள். எங்களுக்குத் தெரியும்.

போஸ்ட்_அப்

அதனால்தான் ஆட்டத்துக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும், ஆட்டம் நடக்கும்போது இல்லை. கிரிக்கெட்டில் ஜடேஜா மாதிரி ஆளே முட்டி அறுவைக்குப் பிறகு நேராக இந்திய அணிக்குப் போகவில்லை. 2023 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நம்ம தமிழ்நாட்டுக்கு எதிராக ரஞ்சி ஆடிவிட்டுத்தான் போனார். (அதிலும் ஒரே இன்னிங்ஸில் ஏழு விக்கெட் எடுத்து நம்மைப் போட்டுத் தாக்கினார் என்பது வேறு விஷயம்.) நமக்கு ரஞ்சி இல்லை, சரி. பக்கத்துக் கல்லூரியோடு இரண்டு நட்பு ஆட்டம் போடலாமே? ஸ்கோர்போர்டு இல்லாமல்.

குழித்துறை மாமா

மழை ஒன்று இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம ஊர்த் திறந்தவெளி சிமெண்ட் கோர்ட் பாசி பிடித்துக் கிடக்கும். காய்ந்த மாதிரி இருக்கும், கால் வைத்தால் வழுக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் இது. நல்ல முட்டுக்கே அந்தத் தரை ஆகாது. ஈரம் இருந்தால் அந்தப் பிள்ளையை இறக்க வேண்டாம் என்று யாராவது முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஆசான் விஷயத்தில் பிசியோ பிள்ளை சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் சாளை மீனும் மரச்சீனிக் கிழங்கும் நன்றாகக் கொடுக்கச் சொல்லுங்கள், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டாம்.

பிசியோ அக்கா (நாகர்கோவில்)

சாளைக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன் மாமா. தசை கட்ட புரதம் வேண்டும். மரச்சீனியைக் கொஞ்சம் குறைத்து மீனைக் கூட்டச் சொல்லுங்கள்.

நெறியாளர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஒன்றில் கல்லூரிப் பெயர் இருந்தது. இன்னொன்று, "பொம்பளப் பிள்ளைக்கு இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகு எதற்கு விளையாட்டு, கல்யாணத்துக்குப் பாருங்கள்" என்ற வகை. அந்தப் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

தக்கலை கார்டு

நன்றி நெறியாளர். அண்ணே, கடைசியாக ஒரு கேள்வி. பத்து நிமிடம், பாயிண்ட் கேட்கக் கூடாது, நான்காவது குவார்ட்டர் கிடையாது. சரி. அப்படியென்றால் இந்த சீசன் நன்றாகப் போனது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ஏதாவது ஒன்று இருக்க வேண்டுமே, இல்லாவிட்டால் அவளுக்கும் ஆட வேண்டும் என்று தோன்றாது.

கோட்டாறு சென்டர்

எனக்கு இரண்டு விஷயம். கடைசி ஆட்டம் வரை ஆடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். அப்புறம், ஹாஸ்டல் தங்கச்சி சொன்னாளே, இரண்டு காலிலும் இறங்குகிறாளா என்று பார்க்க வேண்டும். சீசன் முடிவதற்குள் கூட்டத்தில் ஒரு ரிபவுண்டை யோசிக்காமல் எடுத்து இரண்டு காலிலும் இறங்கினாள் என்றால் நான் எழுந்து நின்று கைதட்டுவேன், அந்த ஆட்டத்தில் அவள் பூஜ்யம் பாயிண்ட் என்றாலும் சரி. 25 பாயிண்ட் எல்லாம் முதுகலைக்கு வரட்டும்.

டெரிக் ரோஸ் 50 பாயிண்ட் போட்டது 2018 அக்டோபரில், முதல் காயத்துக்கு ஆறு வருடம் கழித்து. நடுவில் எத்தனை பேர் அவரைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஹாஸ்டல் பெஞ்ச்

இன்று மாலை கோச்சிடம் பேசினேன். முதல், மூன்றாவது குவார்ட்டர் யோசனை அவருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அவள் எத்தனை நிமிடம் ஆடினாள் என்று யார் கணக்கு வைப்பது என்று கேட்டார். ஸ்கோர்ஷீட்டில் பாயிண்டும் ஃபவுலும்தான் இருக்கும், நிமிடம் இருக்காது. மேசையில் இருப்பவர்களுக்கு அதற்கு நேரமும் இருக்காது.

கோட்டாறு சென்டர்

நான் வருகிறேன். கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. ஐந்து நிமிடம் ஆனதும் கோச்சுக்குக் கை காட்டுவேன். பிறகு அவர் பாடு.

குளச்சல் லெஃப்டி

கை காட்டினால் மட்டும் போதாது அண்ணே, பக்கத்திலேயே உட்காருங்கள். நான்காவது குவார்ட்டரில் நானும் உங்கள் பக்கத்தில் இருப்பேன், அவள் எழுந்தால் பிடித்து உட்கார வைக்க. போஸ்டர் அடித்தவர் யார் என்று தெரிந்தால் சொல்லுங்கள், அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

தக்கலை கார்டு

அது நான்தான். எடுத்துவிட்டேன்.